துவக்கின் பாதி

அந்தப் படிவத்தில் மனைவி கையெழுத்து வைப்பதற்கென்று ஓர் இடம் இருந்தது. என் கணவர் அதைச் சமையலறை மேசையில் விரித்து வைத்து, பேனையையும் பக்கத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். மான் சுடும் துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு, வைத்திருக்க அனுமதி கேட்கும் படிவம் அது. கியூபெக்கில், பியர்பொன்ட்ஸில் நாங்கள் வீடு வாங்கி இரண்டாவது குளிர்காலம். நான் ஒரு கார்டெரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரும்பு உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் லேத் மெசினில் நின்றார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

நான் பேனையைத் தொடவில்லை. மன்னாரில் எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் முகப்பில்தான் என் அண்ணனைச் சுட்டார்கள். யார் சுட்டார்கள், ஏன் சுட்டார்கள் என்று வீட்டில் எவருக்கும் சரியாகத் தெரியாது. நான் அப்போது கிணற்றடியில் நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்தான். மூச்சுவிட இடமில்லாமல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்த சத்தம். இதையெல்லாம் தெரிந்துகொண்டே என்னைக் கட்டிய மனுசன் இப்போது துவக்கு வேணும் என்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் படிவம் குளிர்சாதனப் பெட்டியின் மேலே கிடந்தது. அவர் வற்புறுத்தவில்லை. தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்து மெசினில் நின்ற கியூபெக் நண்பர் ஒவ்வொரு கார்த்திகையும் மான் வேட்டைக்குப் போகிறவர். வடக்கே மலைப்பக்கம் அவருக்குக் கொஞ்சக் காடும் ஒரு மரவீடும் இருந்தன. அவர்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதைத்துக் கதைத்து என் கணவரின் மனதில் இதை விதைத்தவர். பனி கரையத் தொடங்கிய நாளொன்றில் நான் நேரேயே கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு உண்மையா என்னத்துக்கு அந்தச் சாமான்?"

அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"நான் இவ்வளவு காலமும் துவக்கின்ர முன்பக்கத்தை மட்டும்தான் கண்டனான். ஒருக்கா பின்பக்கத்தில நிண்டு பாக்க வேணும் போல கிடக்கு."

அவரையும் யாழ்ப்பாணத்தில் இரண்டு தரம் வீதியில் முழங்காலில் இருத்தி வைத்திருந்தார்கள். அதைப்பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. அன்று பின்னேரம் நான் கையெழுத்து வைத்தேன்.

முதலில் வாங்கியது போல்ட் வைத்த ரைபிள். பழையது, ஆனால் நல்லாகப் பார்த்து வைத்திருந்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் நிலவறையில் பூட்டும் அலுமாரியில் வைப்பதற்கு முன், உள்ளே துப்பாக்கி ரவை இல்லையென்று எனக்கு மூன்று தரம் திறந்து காட்டினார். கைபிடியை மேலே தூக்கி, பின்னுக்கு இழுத்தால் வெடித்த ரவையின் வெற்றுக் கோது வெளியே துள்ளும். முன்னுக்குத் தள்ளிக் கீழே அமத்தினால் அடுத்த ரவை உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். கதவுத் தாழ்ப்பாள் மாதிரித்தான். லேத்தில் நின்ற மனுசனுக்கு அது மற்றவர்கள் நகையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. இரண்டு உலோகத் துண்டுகள் இவ்வளவு நெருக்கமாக, ஆனால் இறுகாமல் உரசுவதை விரலால் தடவித் தடவிச் சொன்னார். அவருக்குப் பிடித்த இன்னொரு விசயமும் இருந்தது. ஒரு சூடு சுட்ட பிறகு இரண்டாவது சூட்டுக்குக் கை இவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அதற்குள் மனுசனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது என்றார். அது எனக்குள் போய் இருந்துவிட்டது.

சனிக்கிழமைகளில் சுடும் திடலுக்குப் போவார். தனிய வீட்டில் இருந்து யோசிப்பதை விட நல்லது என்று நானும் கூடப் போய்க் காருக்குள் இருப்பேன். செபமாலை சொல்ல நினைத்துப் போவேன், பாதியில் நின்றுவிடும். முதல் மாதங்களில் ஒவ்வொரு வெடிக்கும் காதைப் பொத்தினேன். பிறகு எனக்கே தெரியாமல் சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழகினேன். போல்ட் வைத்தவர்கள் சுட்டால் ஒரு வெடி, பிறகு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளிக்குள் நான் மூச்சுவிடுவேன். லீவர் வைத்தவர்கள் சுட்டால் வெடிக்கும் வெடிக்கும் நடுவே ஒரு தாளம் இருக்கும். யாராவது தானாகவே ரவை ஏற்றும் துவக்கைக் கொண்டுவந்தால் நான் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு வானொலியைப் போடுவேன்.

நண்பர் லீவர்க்காரர். தகப்பன் விட்டுப்போன ரைபிள் அது. சுடும் விசைக்குக் கீழே உள்ள வளையத்துக்குள் விரல்களை விட்டு முன்னே தள்ளி மடக்கினால் கோது வெளியே வந்து அடுத்தது ஏறும். எங்கள் வீட்டில் சாப்பிட வரும்போதெல்லாம் இரண்டு பேரும் இதைப்பற்றித்தான் தர்க்கம். நெருங்கிய காட்டுக்குள் மான் ஐம்பது அடிக்குள் வந்து நிற்கும், அந்த இடத்தில் உன்னுடைய நீளத் துவக்கைத் திருப்புவதற்குள் அது வீடு போய்ச் சேர்ந்துவிடும் என்பார் நண்பர். உன்னுடையது கிட்டப் பார்வைக்காரன், தூர நிற்கிற மானுக்கு நீ கடிதம்தான் போட வேணும் என்பார் இவர். பிரெஞ்சும் இங்கிலிசும் கலந்து இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் யாழ்ப்பாணத் தூள் போட்டுச் சமைத்த மான் இறைச்சிக் கறியைச் சாப்பிட்டு நண்பரின் நெற்றி வியர்க்கும். "மதாம்," என்று என்னைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்பார்.

மூன்று கார்த்திகைகள் அப்படிப் போயின. செம்மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு விடியப் புறப்படும் என் கணவர், ஊரை விட்டு வந்த பிறகு நான் கண்டதிலேயே சந்தோசமான மனுசனாக இருந்தார். இரண்டு வருசம் மான் கிடைத்தது. ஒரு வருசம் நாலு நாளும் மரத்தடியில் இருந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். அந்த வருசம்தான் அதிகம் கதைத்தார். பனி விழும் சத்தம் கேட்டதாம்.

நாலாவது கார்த்திகைக்கு முந்திய வாரம், நிலவறையில் நெடுநேரம் தட்டும் சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தேன். ரைபிளின் போல்ட்டைக் கழற்றித் துணியில் வைத்திருந்தார். கைபிடி இறுக்கமாக இருக்கிறது, எழும்புதில்லை என்றார். எண்ணெய் குளிருக்குத் தடித்திருக்கும் என்று துடைத்தார். அடுத்த நாள் வேலையிலிருந்து அளவு பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து ஒவ்வொரு பக்கமாக அளந்தார். ஒரு கிழமை முழுக்க அதை மினுக்கினார். வாழ்நாள் முழுவதும் மெசின் திருத்தினவர், பிழை மெசினில்தான் இருக்க வேணும் என்று நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர் வந்தார். இதைக் கொஞ்சம் பார், எங்கேயோ பிடிக்கிறது என்று இவர் நீட்டினார். நண்பர் வாங்கி, சின்ன விரலால் கைபிடியைத் தூக்கினார். வெண்ணெய் மாதிரி எழும்பியது. திரும்பவும் செய்தார். பிறகு துவக்கைப் பார்க்காமல் என் கணவரின் வலது கையைப் பார்த்தார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை இருந்த இடம் குழிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கைக்குச் சோறு போட்டவள் நான். நான் அதைக் காணவில்லை.

பரிசோதனைகள் பனிக்காலம் முழுக்க நீண்டன. வசந்தத்தில் நரம்பு வைத்தியர் எங்களை இருத்திச் சொன்னார். தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும். கை, கால், கடைசியில் மூச்சு. மருந்து இல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று வருசம். என் கணவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார், இடது கைக்கு எப்போது வரும் என்று. வைத்தியருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

நண்பர் தகப்பனின் லீவர் ரைபிளைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பெருவிரல் அவ்வளவு தேவையில்லை, மற்ற விரல்கள் சேர்ந்து தள்ளினால் போதும். அந்தக் கோடையில் என் கணவர் அதை வைத்துத் திடலில் தகரத் தட்டுகளைச் சுட்டார். தட்டு விழும்போது வரும் மணிச் சத்தத்துக்குக் குழந்தைப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். இவ்வளவு நாளும் இந்த லீவரை ஏளனம் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று நண்பரிடம் சொன்னார். ஆவணியில் முன்கையும் விட்டுப்போனது. பிறகு பம்ப் துவக்கு. அதில் குழலுக்குக் கீழே உள்ள பிடியை இடது கையால் இழுத்துத் தள்ளினால் ரவை ஏறும். வலது கை சும்மா இருந்து விசையை மட்டும் அமத்தலாம். இடது கையை இவ்வளவு காலமும் மறந்துபோனோம் என்று பகிடி விட்டார். அந்தப் பகிடி ஆறு கிழமை ஓடியது.

அந்தக் கோடையில்தான் நானும் படிக்கப் போனேன். அவரோடு காட்டுக்குள் போக ஆள் வேணும். நண்பரின் முதுகில் எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. துவக்குப் பாதுகாப்பு வகுப்பும் வேட்டை வகுப்பும் பிரெஞ்சில் நடந்தன. முப்பது ஆண்களுக்கு நடுவே நான். ஆசிரியர் மேசையில் ஐந்து வகைத் துவக்குகளை அடுக்கி, ஒவ்வொன்றையும் திறந்து வெறுமையென்று காட்டச் சொன்னார். நான் ஒரு பிழையும் விடவில்லை. நாலு வருசம் என் சமையலறையில் அந்தக் கதைதானே நடந்தது. எங்கே பழகினீர்கள் என்று ஆசிரியர் கேட்டார். கறி சமைக்கும்போது என்றேன்.

இலையுதிர் காலத்தில் அவருடைய கைகளில் சுட்டுவிரலைத் தவிர வேறொன்றும் சரியாக வேலை செய்யவில்லை. தானாக ரவை ஏற்றும் ரைபிள்தான் மிச்சம். வெடித்த வாயுவே அடுத்த ரவையை ஏற்றிவிடும். தோளில் உதையும் குறைவு. அவர் என்னிடம் கேட்காமல் வாங்கவில்லை. நான் ஓம் என்றேன். வேறென்ன சொல்வது?

திடலில் முதல் தரம் அவருக்குப் பக்கத்தில், காருக்கு வெளியே, காது மூடிகளோடு நான் நின்றேன். மரத்தாங்கியில் துவக்கை வைத்து அவர் தோளைச் சாய்த்தார். மூன்று சூடு, ஒன்றன்பின் ஒன்றாக. அது அதே சத்தம். காது மூடிக்குள்ளாலும் அதே சத்தம். நான் விழவில்லை, கத்தவுமில்லை. திடல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றதாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் அவர் திரும்பிப் பார்த்தபோது நான் நிலத்தில் குந்தியிருந்தேனாம், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு. என்னைத் தூக்கிவிட அவரால் முடியவில்லை. பக்கத்துத் திட்டில் நின்ற ஒரு வெள்ளைக்காரர்தான் வந்து தூக்கினார். அதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த கிழமை அந்தத் துவக்கு வீட்டில் இல்லை. நண்பர் மூலமாக விற்றுவிட்டார். நான் கோபப்பட்டேன். இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொல்லெல்லாம் அப்போதே குழறத் தொடங்கியிருந்தது.

"ஒற்றைத் துவக்கு ஒண்டு இருக்கு. நடுவில முறியிறது. ஒரு ரவைதான். முறிச்சு, போட்டு, மூடி, பின்னால இருக்கிற சுத்தியலை இழுத்து வைக்கிறது நீர். நான் அமத்திறது மட்டும். துவக்கின்ர பாதி நீர்தான், பாரும்."

அந்தக் கார்த்திகை அவர் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். வேட்டை இல்லை. வருகிற வருசம் இருப்போமா என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. கோடையில் தொழிற்சாலைக்காரர்கள் சேர்ந்து துவக்கைப் பிடிக்க ஒரு மூன்றுகால் தாங்கி செய்து கொடுத்தார்கள். சக்கர நாற்காலியின் உயரத்துக்கு அளந்து, துவக்கு மெல்லத் திரும்பும்படி செய்தது. அவர் பக்கத்திலிருந்து, வாயால் சொல்ல முடியாததைக் கண்ணால் சொல்லி, இரண்டு தரம் அவர்களைத் திருத்த வைத்தார்.

கடைசிக் கார்த்திகையில் போனோம். நண்பர் தன் காட்டின் ஓரத்தில், காரிலிருந்து பலகைப் பாதை போட்டு, மரத்தட்டிகளால் ஒரு மறைப்பு அடைத்திருந்தார். உள்ளே என் கணவரும் நானும். நண்பர் தள்ளி, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தார். முதல் இரண்டு நாளும் ஒன்றும் வரவில்லை. நான் அவருக்கு ஸ்ட்ரோவால் சூப் கொடுத்தேன், கம்பளியைச் சரிசெய்தேன், வாயைத் துடைத்தேன். மூன்றாம் நாள் பத்து மணியிருக்கும், அவருடைய மூச்சு மாறியது. அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். கொம்புள்ள ஆண் மான், அறுபது அடியில், பக்கவாட்டில் நின்று நிலத்தை முகர்ந்துகொண்டிருந்தது.

துவக்கை முறித்து ரவையைப் போட்டேன். மூடும் சத்தத்தை என் மேலங்கிக்குள் அமுக்கினேன். தாங்கியைத் திருப்பி, அவர் கண்ணுக்கு நேராக வைத்து, அவர் இமையை மூடித் திறந்ததும் சுத்தியலை இழுத்தேன். அவருடைய சுட்டுவிரலை எடுத்து விசையில் வைத்தேன். எல்லாம் நாங்கள் நூறு தரம் பழகினபடி நடந்தது.

அவர் அமத்தினார். விரல் அசையவில்லை. திரும்பவும் முயன்றார். கழுத்து நரம்பு எழும்பியதைக் கண்டேன். ஒரு கிழமைக்கு முன்கூட அமத்திய விரல் அது. விசை விரலுக்குக் கீழே அப்படியே இருந்தது. மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தது.

அவர் என்னைப் பார்த்தார். அவருடைய சொற்களை அப்போது நான் ஒருத்திதான் விளங்கக்கூடியவள்.

"நீர் அமத்தும்."

என் விரலை அவருடைய விரலின் மேல் வைத்தேன். குளிர்ந்திருந்தது. நாலு இறாத்தல் பாரம் போதும் அந்த விசைக்கு. கார்டெரியில் ஒரு பிள்ளையின் சட்டைப் பொத்தானை அமத்துவதற்கு அதைவிடக் கூட வேணும். நான் அமத்தவில்லை. இரக்கத்தால் அல்ல. மானை நான் நினைக்கவேயில்லை. ஒழுங்கை முகப்பு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, என் கை என் சொல்லைக் கேட்கவில்லை, அவருடைய கை அவருடைய சொல்லைக் கேட்காதது போலவே. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மான் நாலு அடி நடந்து, மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது.

சுத்தியலை மெல்ல இறக்கி, துவக்கை முறித்து, ரவையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்க்கத் துணிந்தேன். வைத்தியர் சொன்ன அன்றுகூட அழாத மனுசன் அழுதுகொண்டிருந்தார். கண்ணீரைத் துடைக்க அவருக்குக் கை இல்லை. நான் துடைத்தேன்.

"இனிக் காணும், வீட்ட போவம்," என்றார். அதற்குப் பிறகும் ஒரு நாளும் அதைப்பற்றி அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மாசியில் அவர் போனார். வீட்டில், தன் கட்டிலில், தாதி பக்கத்தில் இருக்க, நான் காலைப் பிடித்திருக்க. அந்த மாதங்களில்தான் வன்னியில் யுத்தத்தில் சனம் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தது. பங்குக் கோவிலிலிருந்து துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கைத்தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே வந்தார்கள். ஒருத்திக்குத் தங்கையின் குடும்பத்திடமிருந்து பத்து நாளாகச் சேதி இல்லை. இன்னொருவர் எங்கள் வீட்டு முற்றத்துப் பனியில் நின்றபடி தம்பி இறந்த செய்தியைக் கேட்டார். எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், ஆனால் அவர்கள் யாருக்காக அழுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். மருந்தும் தாதியும் வெள்ளை விரிப்பும் இருக்கச் செத்த ஒரு மனுசனுக்காக அவர்களுக்கு முன்னால் அழ எனக்கு வெட்கமாக இருந்தது. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

சித்திரையில் நண்பர் துவக்குகளை எடுக்க வந்தார். தகப்பனின் லீவர், போல்ட், பம்ப், ஒற்றைத் துவக்கு. பதிவு மாற்றும் தாள்களில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். ஒவ்வொன்றையும் திறந்து, வெறுமையென்று ஒருவருக்கொருவர் காட்டி, உறைகளுக்குள் வைத்தோம். ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள், உங்களிடம் பத்திரம் இருக்கிறதுதானே என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். கார்த்திகையில் மரவீட்டுக்காவது வாருங்கள் என்றார். அதற்கும் வேண்டாம் என்றேன்.

வாசலில் அவர் தயங்கி நின்றார். அன்று மான் வந்ததா என்று கேட்டார். அறுபது அடியில் நின்ற மானின் கால்தடங்களைப் பனியில் அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அவ்வளவு நாளும் கேட்காமல் இருந்திருக்கிறார். வந்தது, என் கணவர் என்னை அமத்தச் சொன்னார், நான் அமத்தவில்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். அதை முதல் முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்த மொழியில்தான். நண்பர் என் தோளில் கையை வைத்து, நீங்கள் ஓர் உயிரைக் காப்பாற்றினீர்கள், மதாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

இல்லை. என் கணவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும், சாப்பாட்டை, குளிப்பாட்டலை, மருந்தை, அவர் கேட்காமலே நான் செய்தேன். கேட்டதைச் செய்யவில்லை. இதை நண்பருக்குச் சொல்ல என் பிரெஞ்சு போதாது. மெர்சி என்று நன்றி மட்டும் சொன்னேன். அவர் காரின் பின்கதவை மூடிவிட்டு, கையசைத்து, வீதி முனையில் திரும்பும் வரைக்கும் நான் வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது, சத்தமாக, வீட்டில் எவரும் இல்லையென்ற தைரியத்தில்.